நகரத்துக் குப்பை எங்கே போகிறது?

குப்பையிற் கிடந்தாலும் குன்றிமணி தன் நிறம் மாறாது என்பது பழமொழி. குன்றிமணிக்கு அது பொருந்தும். கடதாசிக்கும் அட்டைக்கும் காய்கறித் தோலுக்கும் பொருந்துமோவெனின், பொருந்தாது. மீன் கழுவிய நீர் பட்ட அட்டைப் பெட்டியை விலைகொடுத்து வாங்குவார் இல்லை. கறி ஊறிய பத்திரிகைத் தாள் மீண்டும் தாளாவதில்லை. கண்ணாடித் துண்டு விழுந்த மரக்கறிக் கழிவைத் தோட்டக்காரர் எவரும் எருவென்று ஏற்கமாட்டார். தனித்தனியே இருந்தவரையில் ஏதேனும் ஒரு பயன் உடையனவாய் இருந்த பொருள்கள், ஒரே கூடையிற் சேர்ந்த மாத்திரத்தே பயனிழந்து போகின்றன. ஆகவே, ஒரு நகரத்தின் குப்பையிற் பெரும்பகுதி பொருள்களின் இயல்பினால் உண்டாவதன்று. அவற்றைக் கலப்பதனால் உண்டாவது. இச்சிறிய உண்மையை மறந்ததற்குக் கொழும்பு மாநகரம் கொடுத்த விலை பெரிது.

கொழும்பிற் குப்பை பிறக்கும் இடங்களுள் புறக்கோட்டையும் அதனை அடுத்த கொட்டாஞ்சேனையும் குறிப்பிடத்தக்கவை. பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் புடைவைக் கடைகளும் மொத்த வியாபார நிலையங்களும் நெருங்கி நிற்கின்றன. செட்டியார் தெருவில் நகைக் கடைகள், இடையிடையே உணவுச்சாலைகள், நடைபாதையிற் பழக்கடைகள், மேல் மாடிகளிலும் ஒடுங்கிய சந்துகளிலும் குடும்பங்கள். மாலையிற் கடைகள் அடைபடும் வேளையில், அட்டைப் பெட்டிகளும் பொலித்தீன் உறைகளும் வாசல்களிற் குவிகின்றன. உணவுச்சாலைகளிலிருந்து மிஞ்சிய சோறும், பிழிந்த தேங்காய்ப்பூவும், தேயிலைச் சக்கையும் வருகின்றன. பழக்கடையிலிருந்து தோலும், இளநீர்க் கடையிலிருந்து கோம்பையும் வருகின்றன. இவையெல்லாம் ஒரே மூலையிற் கொட்டப்பட்டு, அதன்மேல் ஒரு மழையும் பெய்துவிட்டால், பின்னர் அவற்றைப் பிரித்தெடுப்பது எவராலும் இயலாத காரியம்.

இலங்கையில் நாள்தோறும் உண்டாகும் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது மேல் மாகாணத்தில் உண்டாவது. அதனை நிறுத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட நிறை உணவுக் கழிவும் மரக்கறிக் கழிவும் இலைதழையுமாகவே இருக்கும். மேலைநாட்டு நகரங்களிற் கடதாசியும் உறைகளும் மிகுந்திருப்பதுபோல இங்கில்லை. இந்நாட்டுக் குப்பை ஈரமான குப்பை. அதனை அகற்றும் முறைகளின் நன்மையும் தீமையும் இவ்வீரத்தைப் பொறுத்தே அமைகின்றன.

குப்பையை அகற்றுவது கொழும்பில் நெடுங்காலமாகவே உயிர்ப் பிரச்சினையாக இருந்துவந்தது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் மாநகர சபை அமைக்கப்பட்டபோது, வீதிகளைச் சுத்தமாக வைத்திருத்தல் அதன் தலையாய கடமைகளுள் ஒன்றாயிற்று. 1914இல் எலிகளின் வழியாகப் பரவும் கொள்ளைநோய் இந்நகரத்திலே தோன்றியபொழுது, நெருக்கமான குடியிருப்பும், தானியக் கிடங்குகளும், அகற்றப்படாத கழிவும் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதை நகரமாந்தர் கண்டனர். அக்காலந்தொட்டுச் சாக்கடையையும் குப்பையையும் அகற்றியோர், பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். நகரம் அவர்களால் சுத்தமாயிற்று. ஆனால் நகரம் அவர்களுக்கு அளித்த இருப்பிடமோ பெரும்பாலும் ஒற்றை அறை வரிசை வீடுகள்தாம்.

வீதியிலிருந்து குப்பை அகன்றுவிட்டால், அது உலகத்தை விட்டே அகன்றுவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அது ஒருவர் வாசலிலிருந்து மற்றொருவர் வாசலுக்குப் போகின்றது. கொழும்புக் குப்பையின் பயணமே இதற்குச் சான்று.

கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள ஒரு பகுதிக்கு ஒல்லாந்தர் காலத்திற் புளூமெண்டால் என்று பெயர் ஏற்பட்டது. ஒல்லாந்த மொழியிலே அதற்கு மலர்ப் பள்ளத்தாக்கு என்பது பொருள். அம்மலர்ப் பள்ளத்தாக்கிற் பல ஆண்டுகளாக நகரத்தின் குப்பை கொட்டப்பட்டு, ஒரு மேடு எழுந்தது. மேட்டின் அடிவாரத்திலே ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்தன. 2009இல் அங்கே கொட்டுவது நிறுத்தப்பட்டு, குப்பை லொறிகள் கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டன. அங்கும் மேடு வளர்ந்தது. அதனருகே வாழ்ந்த மக்கள் நாற்றத்தையும் ஈக்களையும் வெள்ளத்தையும் பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தனர். முறையீடுகளுக்கு இடையே லொறிகளும் வந்துகொண்டே இருந்தன.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சித்திரைப் புத்தாண்டு. அன்று பிற்பகல், வீடுகளில் உறவினர் கூடியிருந்த வேளையிலே, மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டின் ஒரு பக்கம் சரிந்தது. பல வீடுகள் புதையுண்டன. 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் சிறுவர்களும் இருந்தனர். அவர்களைக் கொன்றது நிலநடுக்கமன்று, புயலுமன்று. கொழும்பின் கடைகளிலும் சமையலறைகளிலும் ஒவ்வொரு நாளும் கலந்து வீசப்பட்ட கழிவே அவர்கள்மேல் விழுந்தது.

குப்பைமேடு ஏன் சரிகின்றது என்பதை அறிதல் தகும். திறந்த வெளியில் மெல்லிய படையாகக் கிடக்கும் இலைதழை, காற்றிலுள்ள ஒட்சிசனின் உதவியால் உக்கி மண்ணாகின்றது. அதுவே பல அடி ஆழத்திற் புதையும்போது காற்று உட்புகுவதில்லை. அப்பொழுது காற்றின்றி வாழும் பற்றீரியாக்கள் அதனைச் சிதைக்கின்றன. அச்சிதைவினால் மெதேன் வாயு உண்டாகின்றது. மெதேன் எளிதில் தீப்பற்றக்கூடியது. அன்றியும், 100 ஆண்டுக் கணக்கிற் பார்த்தால், காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு வலிமையுடன் பூமியின் வெப்பத்தைக் கூட்டவல்லது. சிதைவின்போது கசியும் கரிய நீர் அடியிலே தேங்குகின்றது. மழைநீரும் அதனுடன் சேர, மேட்டின் பாரம் பெருகுகின்றது. உள்ளே நீரின் அழுத்தம் ஏறுகின்றது. பொருள்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் உராய்வு தளர்கின்றது. அடிநிலம் சதுப்பாயிருப்பின் அதுவும் பாரந் தாங்காது பிதுங்குகின்றது. இவ்வளவும் ஈரமான கழிவினால் விளைவன. உக்கும் பொருளை மேட்டுக்கு அனுப்பாதிருந்தால் வாயுவும் கரிய நீரும் மிகக் குறைந்திருக்கும்; மேடும் பாதி உயரத்துக்கு மேல் எழுந்திராது.

துன்பம் மீதொட்டமுல்லையோடு நிற்கவில்லை. கொட்டுவதற்கு இடமின்றிப் போகவே, நகரத்தின் பல வீதிகளிற் குப்பை தேங்கிற்று. அதே ஆண்டிலே டெங்குக் காய்ச்சல் நாடெங்கும் பரவியது. 186,000க்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. டெங்கு நுளம்பு சாக்கடை நீரை நாடுவதில்லை. தயிர்ச் சட்டி, தகரப்பேணி, யோகட் கிண்ணம், பழைய டயர் ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த மழைநீரிலேயே முட்டையிடுகின்றது. ஒரு யோகட் கிண்ணத்தில் ஒரு வாரம் நீர் நின்றாலே ஒரு தலைமுறை நுளம்பு பிறந்துவிடும்.

விபத்தின் பின் அரசினர் இரண்டு வழிகளை நாடினர். முதலாவது, தூரத்தே கொண்டுபோய்ப் புதைத்தல். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தொலைவிலே, புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பள்ளங்கள் உள்ளன. புகைவண்டியிற் குப்பையைக் கொண்டுசென்று அங்கே புதைப்பதற்குத் திட்டம் வகுக்கப்பட்டது. அடியில் நீர் புகாத விரிப்பு இட்டு, கசிவு நீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் முறையான புதைகுழி அது. திறந்த மேட்டைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், 2018, 2019ஆம் ஆண்டுகளிற் புத்தளத்து மக்கள், தமிழ் பேசும் முஸ்லிம்கள் முன்னணியில் நிற்க, அதனை எதிர்த்து நெடுநாட் போராடினர். சீமெந்துத் தொழிற்சாலையின் தூசும், நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்தின் சாம்பலும் முன்னரே தம் பங்குக்கு வந்துவிட்டன. கொழும்பின் கழிவும் ஏன் தமக்கு வரவேண்டும் என்று அவர்கள் கேட்டனர். புதைகுழி எத்துணைச் சிறந்ததாயினும், அக்கேள்விக்கு அது விடையாகாது.

இரண்டாவது வழி, எரித்தல். 2021ஆம் ஆண்டிற் கெரவலப்பிட்டியிலே, குப்பையை எரித்து 10 மெகாவாற்று மின்சாரம் பிறப்பிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கொழும்புக் குப்பையில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தொன் அங்கே செல்லலாயிற்று. இது பெரிய உதவியே. ஆயினும் இங்கும் ஈரம் தடையாகின்றது. ஒரு கேத்தல் நீரைக் கொதிக்கவைக்க வேண்டிய வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கு மேற்பட்ட வெப்பம், கொதித்த அந்நீர் முழுவதையும் ஆவியாக்குவதற்கு வேண்டும். பழத்தோலும் சோறும் உலையிற் புகும்போது, அவற்றிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே அனலின் ஒரு பெரும்பங்கு கழிந்துவிடுகின்றது. எரிந்தபின் சாம்பலும் மிஞ்சும். அதனை வைப்பதற்கும் இடம் வேண்டும். மேலும், எரிக்கப்பட்ட கடதாசி மீண்டும் கடதாசியாவதில்லை.

இவ்விரு வழிகளும் கலந்த குப்பையைக் கையாளும் வழிகள். கலப்பதற்கு முன்னரே காக்கும் வழி ஒன்று உண்டு. அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு கூடைகள் வேண்டும். உக்குவது ஒன்றில், உக்காதது மற்றொன்றில். மின்கலம், உடைந்த மின்விளக்கு, பழைய மருந்து ஆகியவற்றை இரண்டிலும் இடாது தனியே வைத்தல் வேண்டும்.

உக்குவதன் கதை தமிழருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் குழையும் சாணமும் சாம்பலும் இட்டு மண்ணை வளர்த்தவர்கள். அவர்கள் வளவின் மூலையிலிருந்த குப்பைக்குழி, தோட்டத்தின் பசளைக் கிடங்காகவே இருந்தது. நகரத்துத் தொட்டியில் நடப்பதும் அதே செயல்தான். நுண்ணங்கிகளுக்கு உணவாகக் காபனும் நைதரசனும் ஏறக்குறைய 30க்கு 1 என்னும் விகிதத்தில் வேண்டும். மரக்கறிக் கழிவிலும் தேயிலைச் சக்கையிலும் நைதரசன் மிகுதி. காய்ந்த சருகிலும் மரத்தூளிலும் காபன் மிகுதி. ஆதலால், ஒரு பிடி சமையற் கழிவு இட்டால் அதன்மேல் ஒரு பிடி சருகு இடுதல் வேண்டும். பிழிந்த துணியின் அளவு ஈரம் போதும். காற்றுப் புகத் துளைகள் இருத்தல் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுதல் வேண்டும். பெருங் குவியலின் நடுவிலே வெப்பம் 55 பாகைக்கு மேல் ஏறும். நோய்க் கிருமிகளும் களை விதைகளும் அதில் அழியும். இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுடன் கரிய கூட்டெரு கிடைக்கும். தொட்டி நாறுமாயின், ஈரம் மிஞ்சிவிட்டது அல்லது காற்றுக் குறைந்துவிட்டது என்பதே பொருள். இன்னும் இரண்டு பிடி சருகு இட்டுக் கிளறினால் நாற்றம் நீங்கும்.

இலங்கையிற் பல உள்ளூராட்சிச் சபைகள், 2008இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தொடங்கிய பிலிசரு திட்டத்தின் துணைகொண்டு, இத்தகைய எருநிலையங்களை அமைத்தன. அவற்றின் அனுபவம் ஒரு பாடத்தைக் கற்பித்தது. தரம் பிரித்து வந்த கழிவிலிருந்து நல்ல எரு கிடைக்கும். கலந்து வந்த கழிவிலிருந்து கண்ணாடித் துண்டும் பொலித்தீன் நாரும் கலந்த எருவே கிடைக்கும். அதனை வாங்குவார் இல்லாமையால் எருவும் மீண்டும் மேடாகிவிடும்.

உக்காத பொருள்களுக்கு நகரத்தில் ஒரு பழைய வாணிகமே உண்டு. பழைய போத்தலும் பத்திரிகையும் வாங்குவோர் வீதி வீதியாகக் கூவிச் செல்வதைக் கொழும்பு நெடுங்காலமாகக் கேட்டுவந்தது. புறக்கோட்டையில் அட்டை பொறுக்குவோர், குப்பை லொறி வருவதற்கு முன்னரே தம் கைவண்டிகளுடன் வந்து, பெட்டிகளை மடித்துக் கட்டி எடுத்துச் செல்கின்றனர். கிழக்கிலங்கையின் வாழைச்சேனைக் கடதாசி ஆலை, வைக்கோலைக்கொண்டு மட்டுமன்றிப் பழைய கடதாசியைக்கொண்டும் தாள் செய்த ஆலை. கடதாசி நார் ஐந்தாறு முறை தாளாகிய பின்னரே நைந்துபோகின்றது. கண்ணாடியை எத்தனை முறையும் உருக்கலாம். அலுமினியத்தைப் பழைய பேணியிலிருந்து உருக்கியெடுத்தால், தாதுவிலிருந்து எடுப்பதற்கு வேண்டிய சக்தியில் 95 வீதம் மிச்சமாகும். இப்பொருள்களைக் குப்பையிலிருந்து மீட்போர், நகரம் கூலி கொடாது பெறும் ஊழியர்கள். ஆயினும், மருத்துவ ஊசியும் உடைந்த போத்தலும் கலந்த குவியலில் வெறுங்கையால் துழாவுவதே அவர்களது தொழிலாயிருக்கின்றது. கூடையைப் பிரித்து வைக்கும் வீட்டார் அவர்களுடைய கையைக் காக்கின்றனர்; அட்டையை நனையாமல் வைக்கும் கடைக்காரர் அவர்களுடைய வருவாயைப் பெருக்குகின்றனர்.

இவ்வாணிகத்துள் அடங்காத பொருள் மெல்லிய பொலித்தீன். ஆயிரம் தாள் சேர்ந்தாலும் நிறை இல்லை. சோறும் கறியும் படிந்தபின் விலையும் இல்லை. அதனை மீட்பதிலும் பயன்படுத்தாதிருப்பதே எளிது. 2017 செப்டெம்பர் முதலாந் திகதி முதல், சோறு பொதியும் பொலித்தீன் தாளையும் 20 மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீனையும் அரசினர் தடைசெய்தனர். வாழையிலையிற் சோறு கட்டிய வழக்கத்தை ஒரு தலைமுறைக்குள் மறந்த நாட்டிற்கு, அத்தடை ஒரு நினைவூட்டலாயிற்று.

ஒரு நகரம் முழுதும் இவ்வழியில் நடக்க இயலுமோ என்று ஐயுறுவோருக்குக் கேரளத்து ஆலப்புழை நகரம் விடையளிக்கின்றது. கொழும்பைப்போலவே மழையும் வெக்கையும் மிகுந்த ஊர் அது. அதன் குப்பையும் ஈரமான குப்பையே. அந்நகரத்தின் கழிவு, அயலிலுள்ள சர்வோதயபுரம் என்னுங் கிராமத்திற் கொட்டப்பட்டு வந்தது. 2012இற் கிராமத்தார் லொறிகளை மறித்தனர். இனி எங்கே கொட்டுவது என்று திகைத்த நகரசபை, இறுதியிற் கொட்டாதிருக்க வழி தேடிற்று. வீடுகளுக்குக் குழாய்வடிவ எருக்கலங்களும் சிறிய சாணவாயுக் கலங்களும் மானியத்துடன் வழங்கப்பட்டன. வீட்டில் இடமில்லாதோருக்காக வீதியோரத்திலே காற்றோட்டமுள்ள பொது எருத்தொட்டிகள் அமைக்கப்பட்டன. முன்னர் குப்பை குவிந்து நாறிய மூலைகளிலேயே அத்தொட்டிகள் எழுந்தன. ஐந்து ஆண்டுகளின் பின், ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு, கழிவகற்றலில் முன்மாதிரியான நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. அங்கே மாற்றத்தைக் கொணர்ந்தது கிராமத்தாரின் மறுப்பு. மீதொட்டமுல்லை மக்களின் முறையீட்டையும் அவ்வாறே செவிமடுத்திருந்தால், ஒரு புத்தாண்டு நாள் துக்கநாளாக மாறியிராது.

புறக்கோட்டை போன்ற நெருக்கமான இடத்திற்கு வேண்டியன சிலவே. உணவுச்சாலைகளின் ஈரக் கழிவு நாள்தோறும் குறித்த நேரத்தில் தனியே எடுக்கப்படுதல் வேண்டும்; அது ஒரு நாள் தங்கினாலும் நாறும். கடைகளின் உலர்ந்த பொருள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடுக்கப்பட்டாற் போதும், அது காத்திருக்கும். லொறி புகாத சந்துகளுக்குக் கைவண்டி செல்லலாம். மாடி வீடுகளின் கழிவைச் சேர்ப்பதற்குச் சந்திக்கு ஒரு பொதுத் தொட்டி இருக்கலாம். அட்டை பொறுக்குவோரை விரட்டாது, கையுறையும் அடையாள அட்டையும் கொடுத்து, அவர்களையே உலர்ந்த பொருளின் சேகரிப்பாளராக்கலாம்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது நம்பிக்கை. வீட்டார் அரும்பாடுபட்டுப் பிரித்துவைத்த இரண்டு கூடைகளையும் ஒரே லொறியிற் கொட்டுவதை அவர்கள் ஒருமுறை கண்டுவிட்டால், மறுநாள் அவ்வீட்டில் ஒரு கூடைதான் இருக்கும். மக்களிடம் ஒழுங்கை வேண்டும் சபை, தன் வண்டிகளிலும் கிடங்குகளிலும் அவ்வொழுங்கை முதலிற் காட்டுதல் வேண்டும். பிரித்துத் தருவோருக்குச் சலுகையும், கலந்து வீசும் பெருவணிகருக்குக் கட்டணமும் விதித்தல் முறையே.

கொட்டாஞ்சேனை மாடியொன்றில், இரவுச் சமையல் முடிந்தபின், ஒருவர் கையில் ஒரு வாழைப்பழத்தோலும் ஒரு பழைய பத்திரிகையும் இருக்கின்றன. அவற்றை ஒரே பைக்குள் இடுவதற்கும் இரண்டு கூடைகளுள் இடுவதற்கும் செல்லும் நேரம் ஒன்றே. ஆனால் முதலாவது பை எங்கோ ஒருவர் வீட்டின் பின்புறத்தே போய்ச் சேரும்; அவ்வீட்டிலும் சித்திரைப் புத்தாண்டுக்குப் பொங்குவார்கள், குழந்தைகள் விளையாடுவார்கள். அவ்வீட்டாரின் முகத்தைப் பையைக் கட்டியவர் ஒருநாளும் காணப்போவதில்லை. காணாத அவர்களை நினைந்து கூடையைப் பிரித்து வைப்பதே நகர வாழ்வின் முதற் கடமை.